நூற்று நாற்பதில் தப்பிய மூன்று

ஹசீனாவுக்கு வயது இருபத்தொன்பது. அவளிடம் பாடம் கேட்ட தேவசகாயத்துக்கு நாற்பத்தெட்டு. ஆபீஸே சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

பஸ் டிக்கெட் எடுக்கும் வலைத்தளத்தைக் கையால் தட்டித் தட்டிச் சோதித்தே காலம் தள்ளியவர், இப்போது பிரவுசரைத் தானே திறந்து சோதிக்கும் நிரல்களாக டெஸ்ட் நூற்று நாற்பது எழுதியிருந்தார். பக்கத்தின் மேலே பெயர் இருக்கிறதா, உதவி எண் சரியா, லாக் அவுட் பொத்தான் உண்டா என்று ஒவ்வொன்றிலும் அதே மூன்று வரி. மாலை நாலுக்குள் அத்தனையும் தேறிப் பச்சை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி கைவேலைதான்.

அன்று பார்த்து உதவி எண்ணை மாற்றிவிட்டார்கள். நூற்று முப்பத்தேழு டெஸ்ட் சிவப்பானது. மூன்று டெஸ்ட்டாவது தப்பியதே என்று அவர் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

சாப்பிடாமல் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து திருத்தினார். இரண்டரைக்கு முடிந்தது.

"டீச்சர், எது மாறினாலும் உடையாத டெஸ்ட் எழுத வழி இருக்கா?"

ஹசீனா கீபோர்டை இழுத்தாள். சோதனைக்கென்று வைத்திருந்த நகல் தளத்தில் 'லாக் அவுட்' என்றிருந்ததை 'வெளியேறு' என்று மாற்றினாள். மறுபடி நூற்று முப்பத்தேழு சிவப்பு.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "விளையாடுறீங்களா? ஒன்றரை மணி நேரந்தான் இருக்கு."

"போதும்ணே."

முதல் ஃபைலைத் திருத்தினார். இரண்டாவதையும் திருத்தினார். மூன்றாவதில் கை நின்றது. அந்த மூன்று வரியையும் வெட்டித் தனி ஃபைலில் வைத்து, ஒவ்வொரு டெஸ்ட்டும் அதையே கூப்பிட்டுப் பயன்படுத்தும்படி செய்தார்.

தப்பிய மூன்றைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அவற்றில் அந்த வரிகளே இல்லை, நகலெடுக்க மறந்திருக்கிறார். அவற்றையும் அந்தத் தனி ஃபைலோடு சேர்த்து ஓட்டினார். இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு. டிக்கெட் ரத்து செய்யும் பக்கத்தில் இன்னமும் பழைய எண்தான் இருந்தது.

"அடிச்சேன் பாருங்க!" என்று கத்தியே விட்டார். தளத்தை எழுதுகிறவர்கள் ஓடிவந்து எண்ணைத் திருத்தினார்கள். நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் நூற்று நாற்பதும் பச்சை. காலையில் சிரித்தவர்கள் கை தட்டினார்கள்.

தேவசகாயம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார்.

"எல்லாஞ் சரி டீச்சர். உடையாத டெஸ்ட்டுக்கு வழி சொல்லவே இல்லையே?"

"காலைல மூணு வச்சிருந்தீங்களேண்ணே."