அஞ்சலை யாருடைய ஆள்?

கோழிகளை வெட்டிச் சுத்தம் செய்து பொட்டலம் போடும் ஆலைகளில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன கூலி வாங்குகிறார்கள் என்று அளந்து சொல்வது மரகதத்தின் தொழில். திருநாவு அதை அவரிடம் கற்க வந்தவர். ஆசிரியரைவிட வயதில் மூத்தவர். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஒரு நாள் காலையில் தன் முதல் அறிக்கையை அவர் மரகதத்தின் முன் வைத்தார். அந்த வட்டாரத்தில் கூலியை உயர்த்தலாமா என்று முடிவு செய்யும் குழு மறுநாள் கூடுகிறது. அதற்கான அறிக்கை அது.

"பெரிய ஆலையில சராசரிக் கூலி நல்லா ஏறியிருக்கும்மா. எனக்கே நம்ப முடியல. மறுபடி போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் வருது."

"யாரோட கூலி?"

"தொழிலாளிங்களோட கூலி."

"யாரைத் தொழிலாளின்னு எடுத்துக்கிட்டீங்க?"

"ஆலையோட சம்பளப் பதிவுல இருக்கறவங்களை. விதி அப்படித்தானேம்மா?"

"விதி அப்படித்தான்," என்றார் மரகதம். செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, போயிட்டு வரலாம்."

ஆலையின் வெட்டும் கூடம் குளிர்ந்து கிடந்தது. தலைக்கு மேல் ஓடிய சங்கிலியில் உரித்த கோழிகள் தலைகீழாகத் தொங்கி வந்தன. இருபுறமும் பெண்கள் நின்று ஆளுக்கொரு வெட்டு வெட்டினார்கள். யாரும் நிமிரவில்லை.

"இவங்க எல்லாம்?" என்று மேலாளரிடம் கேட்டார் மரகதம்.

"போன வருஷம் வரைக்கும் எங்க பதிவுல இருந்தாங்க. இப்ப ஒப்பந்தக்காரர் பொறுப்புங்க. மேஸ்திரிங்க மட்டும்தான் எங்க ஆளு."

திருநாவுக்குச் சுருக்கென்றது. குறைந்த கூலிக்காரர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவர்களின் சராசரி ஏறத்தானே செய்யும். ஆனாலும் அவர் விடவில்லை.

"அப்படின்னா இவங்க ஒப்பந்தக்காரர் கணக்குல வருவாங்கம்மா. வேற தலைப்புல."

மரகதம் பதில் சொல்வதற்குள் வரிசையில் ஒருத்தி ரத்தத்தைப் பார்த்துக் கத்தினாள். அவள் பக்கத்தில் அஞ்சலை என்ற பெண் தன் இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. குளிரில் மரத்துப்போன கை, கத்தி இறங்கியது அவளுக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி ஓடிப்போய்ச் சங்கிலியை நிறுத்தினான்.

"நிறுத்தாதீங்கண்ணே," என்றாள் அஞ்சலை. "எல்லாருக்கும் கூலி பிடிச்சிருவாங்க."

மேலாளர் கத்தினார். "எதுக்குய்யா நிக்குது? வாசல்ல வண்டி வண்டியா கோழி நிக்குது!"

"அஞ்சலை இடத்துல ஆள் இல்லீங்க," என்றான் மேஸ்திரி.

"யாரோட ஆள் இல்லாம நிக்குது?" என்று கேட்டார் மரகதம். குரலை உயர்த்தவில்லை.

மேலாளர் ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டார். எதிர்முனைக் குரல் வெளியே கேட்டது.

"கோழிக்கு இவ்வளவுன்னு வெட்டிக் கொடுத்துட்டுப் போறவங்க சார் அவங்க. இஷ்டம்னா வருவாங்க, இல்லைன்னா நின்னுக்குவாங்க. அவங்களை எப்படி என் ஆளுன்னு சொல்றது?"

திருநாவு தன் துண்டைக் கிழித்து அஞ்சலையின் கையில் கட்டினார். ஆட்டோவில் அவளை நடுவில் உட்காரவைத்துத் தொழிலாளர் மருத்துவமனைக்குப் போனார்கள். வழியெல்லாம் அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"நாளைக்குக் கத்தி பிடிக்க முடியுங்களா?"

திருநாவு துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

காயத்தைப் பார்த்த செவிலியர் முகம் சுருங்கியது.

"விரலை மடக்கற நரம்பு அறுந்திருக்கு. இன்னைக்கே தைக்கணும். வேலையில அடிபட்டதுன்னா காப்பீட்டுல சேர்த்து உடனே உள்ளே அனுப்பிடுவேன். எங்க வேலை பார்க்கறாங்க?"

அஞ்சலை ஆலையின் பெயரைச் சொன்னாள். செவிலியர் ஆலைக்குப் போன் செய்துவிட்டு நிமிர்ந்தார்.

"அங்க அப்படி யாரும் இல்லைங்கறாங்களே. கூட வந்தவங்க யாராவது பொறுப்பாச் சொல்லுங்க. இவங்க யாரு?"

திருநாவு ஆசிரியரைப் பார்த்தார்.

"சொல்லுங்க திருநாவு," என்றார் மரகதம். "அறிக்கையில என்ன எழுதியிருக்கீங்களோ, அதையே சொல்லுங்க."

அஞ்சலை திருநாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு முழுக்கச் சிவந்துவிட்டிருந்தது.

"ஆலைத் தொழிலாளி," என்றார் திருநாவு. "வேலை செய்யும்போதுதான் வெட்டிக்கிட்டாங்க. நான் நேர்ல பார்த்தேன்."

"கையெழுத்துப் போடுவீங்களா? நாளைக்கு ஆலைக்காரங்க வந்து கேட்பாங்க."

"கேட்கட்டும்."

போட்டார். அஞ்சலையை உள்ளே கொண்டுபோனார்கள். இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் மருத்துவர் வந்து, நரம்பு சேர்ந்துவிடும், நாளாகும் என்றார்.

திருநாவு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"நாளைக்குக் குழு கூடுதேம்மா. நான் என்ன சொல்றது?"

"இன்னும் எண்ணி முடிக்கலைன்னு சொல்லுங்க," என்றார் மரகதம்.