முள்ளை மடக்கிய முள்ளம்பன்றி

ஓடைகளெல்லாம் வற்றிப்போன ஒரு காட்டில், பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு சுனையில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருந்தது. மாலை நேரத்தில் விலங்குகள் எல்லாம் அங்கேதான் கூடும்.

அந்தக் கூட்டத்தில் மூத்தது ஒரு மிளா மான். எல்லோருக்கும் அது அத்தை. யாரிடம் என்ன குறை என்று பார்த்துக் கண்டிப்பது தன் பொறுப்பு என்று மிளா நம்பியிருந்தது.

"தண்ணீர் குடிக்கும்போது இப்படியா சத்தம் போடுவது?" என்று காட்டுப்பன்றியை அதட்டும்.

"உட்கார்ந்தால் காலை ஆட்டக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது?" என்று மரக்கிளையில் இருக்கும் மந்தியைக் கடிந்துகொள்ளும்.

சிறு வயதில் மிளாவை அதன் தாய் திட்டிய அதே வார்த்தைகள்தான் இவை. ஏன் கூடாது என்று தாய் சொன்னதுமில்லை, மிளா கேட்டதுமில்லை.

சுனைக்குப் போகும் வழியில், அடர்ந்த புதர் ஓரமாக, ஒரு முள்ளம்பன்றி தினமும் வந்து உட்காரும். முட்களை விறைத்து நிமிர்த்தி, அவ்வப்போது கலகலவென்று உதறும். எல்லோரும் குடித்துப் போன பிறகுதான் அது குடிக்கும்.

ஒரு நாள் மிளாவுக்குப் பொறுக்கவில்லை.

"பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இப்படியா விறைத்துக்கொண்டு உட்காருவது? அடக்க ஒடுக்கமாக இருக்கத் தெரியாதா?"

"அத்தை, இந்தப் புதரில்..." என்று தொடங்கியது முள்ளம்பன்றி.

"சொன்னதைக் கேள். எதிர்த்துப் பேசாதே. வளர்த்தவர்கள் இதைக்கூடச் சொல்லித் தரவில்லையா?"

எல்லா விலங்குகளும் திரும்பிப் பார்த்தன. முள்ளம்பன்றி கூனிக் குறுகிப்போனது. முட்களை மடக்கிக்கொண்டு தலையைத் தாழ்த்தி உட்கார்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டதே என்று மிளாவுக்கு மனம் குளிர்ந்தது. நிம்மதியாகத் தண்ணீரில் வாய் வைத்தது.

அந்த நொடியில் புதரிலிருந்து ஒரு சிறுத்தை பாய்ந்து, முள்ளம்பன்றியின் தோளைக் கவ்வியது. முள்ளம்பன்றி வலியில் உடலைச் சிலிர்க்க, முட்கள் எழுந்து சிறுத்தையின் பாதத்திலும் மூக்கிலும் ஏறின. சிறுத்தை உறுமிக்கொண்டே நொண்டி ஓடியது. மற்றவை நாலாபக்கமும் சிதறின.

மிளா மட்டும் கால் நகராமல் நின்றது. முள்ளம்பன்றியின் தோளிலிருந்து இரத்தம் வடிவதைப் பார்த்தது. மெல்ல அருகில் வந்தது.

"சிறுத்தை இருப்பது உனக்குத் தெரியுமா?"

"பத்து நாளாகத் தெரியும், அத்தை. அது சுனைக்கு வர இந்த ஒரு வழிதான். நான் முள்ளை விறைத்து வழியை மறித்து உட்கார்ந்திருக்கும்வரை அது வெளியே வராது."

"இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் கேட்கவில்லை."

தனக்கு அடிபட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மிளாவுக்குத் தோன்றியது.

காயம் ஆறும்வரை முள்ளம்பன்றியால் வளையை விட்டு வெளியே வர முடியவில்லை. மிளா தினமும் தன் குளம்பால் கெட்டியான மண்ணைக் கிளறிக் கிழங்கு தோண்டியது. அவற்றை வாயில் கவ்வி வந்து, வளை வாசலில் வைத்துவிட்டுப் போனது.

நீதி: ஒருவரின் நடத்தையைக் கண்டிக்கும் முன், அதன் காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.