ஒரு சொட்டும் ஒழுகாத வேன்

ஆண்டவன் வீடு வீடாக வந்து புத்தியைப் பங்கு போட்டுக் கொடுத்த நாளில் நாச்சிமுத்து வீட்டார் கோயிலுக்குப் போயிருந்தார்கள் என்று பொள்ளாச்சிப் பக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டில்தான் இருந்திருப்பார்கள். யாராவது கதவைத் தட்டினால் திறக்க வேண்டும் என்று அதுவரை அவர்களிடம் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் மூன்று பேர். நாச்சிமுத்து, அவன் மனைவி மயிலாத்தாள், மயிலாத்தாளின் தம்பி திருமூர்த்தி. மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய வேன். வேனுக்குள் ஒரு தண்ணீர் டாங்க், ஒரு பம்பு, நீளக் கம்பில் மாட்டிய ஒரு பிரஷ். கடைகளின் கண்ணாடி கழுவுவது தொழில். தங்கமான மனிதர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வேலை குறைந்துபோனதற்கும் அதுதான் காரணம். ஒரு ஜவுளிக்கடைக்காரர், "நேரமில்லீங்க, நடுவுல மட்டும் ஒரு தொடை தொடச்சு உடுங்க" என்று சொல்லப்போக, அத்தனை பெரிய கண்ணாடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மட்டும் துடைத்துவிட்டு வந்தார்கள். அந்தத் தட்டளவு மட்டும் பளபளவென்றுதான் இருந்தது, குறை சொல்ல முடியாது.

திருமூர்த்திக்குக் கல்யாணம் தகையாமல் இருந்தது. போகிற இடத்தில் எல்லாம் ஏதாவது ஆகிவிடும். கடைசியாகப் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் அப்பா பிரியமாக, "கூச்சப்படாதீங்க தம்பி, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க" என்றார். திருமூர்த்தி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனான்.

இந்த நிலைமையில்தான் பாத்திரக்கடை ஆறுச்சாமி கூப்பிட்டு அனுப்பினார். அவர் கடைக்கு இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி முகப்பு. பக்கத்திலே பஜ்ஜிக் கடை. கண்ணாடியில் எண்ணெய்ப் புகை, அதன்மேல் ரோட்டுப் புழுதி, அதற்கும் மேல் புறாக்கள் செய்த உபகாரம். உள்ளே இருப்பது பானையா பரங்கிக்காயா என்று வெளியே இருந்து தெரியாது.

"இது பச்சத் தண்ணிக்கு மசியற அழுக்கு இல்ல. சுடுதண்ணில கழுவோணும்" என்றார் ஆறுச்சாமி. "வெள்ளிக்கெழம காலைல எங்க ஒறம்பரை சனமெல்லாம் வருது. அவங்க முன்னால கழுவிக் காட்டுங்க. கண்ணாடி பளிச்சுனு ஆச்சுன்னா, எம்பொண்ணு சுகந்திய உங்க தம்பிக்குக் குடுக்கறதப் பத்திப் பேசலாம். ஆகலீன்னா பேச்சே இல்ல."

கல்லாவில் இருந்த சுகந்தி திருமூர்த்தியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவனுக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

"அக்கா, இதும் தட்டிப்போச்சுன்னா நான் பழனிக்குப் போயி மொட்ட போட்டுட்டு அங்கியே இருந்துக்குவேன்" என்றான்.

மயிலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "முடி மொளச்சா என்னடா பண்ணுவே?" என்று கேட்டாள்.

அதோடு பழனி யோசனை அடிபட்டுப்போயிற்று. ஆகவே எப்படியாவது கண்ணாடியைக் கழுவிவிடுவது என்று முடிவாயிற்று. பழைய கேஸ் ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்தார்கள். பிளம்பர் சகாயம் அதை வேனுக்குள் நிறுத்தி போல்ட்டு முறுக்கிக் கொடுத்தார். ஓஸ் குழாய் மாட்டுவதற்குள் அவருக்குப் பாலக்காட்டில் இருந்து அவசரமாக ஆள் வந்துவிட்டது. போகிற போக்கில் வேலையை விளக்கினார்.

"டாங்க்ல இருந்து ஹீட்டருக்கு ஒரு ஓஸ். ஹீட்டர்ல இருந்து பிரஷ்ஷுக்கு ஒரு ஓஸ். இந்தப் பித்தள மூக்குல ஓஸ் சும்மா ஏறாது, வெறப்பா இருக்கும். முனைய சுடுதண்ணில சித்த நேரம் முக்கினா எளகிரும். சூட்டோட சூடா உள்ள தள்ளி, இந்த வளையக் கிளாம்பப் போட்டு முறுக்கிருங்க. அப்பறம் ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வரப்படாது. வந்துச்சுன்னா சகாயம் சொல்லிக் குடுத்தான்னு வெளிய சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டமுங்க" என்று மூவரும் சத்தியம் செய்தார்கள்.

அவர் போனதும் நாச்சிமுத்து ஓஸைக் கையில் எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாப்ள, ஓஸ மாட்டறதுக்கு என்ன வேணும்னாரு?"

"சுடுதண்ணி."

"சுடுதண்ணி எங்கிருந்து வரும்?"

"ஹீட்டர்ல இருந்து."

"ஹீட்டர்ல இருந்து எதுல வரும்?"

"ஓஸ்லதான் மச்சா."

"ஓஸ் எங்க?"

"இன்னும் மாட்டலியே."

மூவரும் வேன் படியில் உட்கார்ந்தார்கள். விஷயம் அத்தனை சுலபம் இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது.

"சகாயண்ணன் நம்மள ஏமாத்திட்டுப் போயிட்டாருங்" என்றாள் மயிலாத்தாள்.

"அப்படிச் சொல்லாதக்கா. இதுக்கு முன்னால ஹீட்டர் மாட்டுனவங்கெல்லாம் எப்படி மாட்டிருப்பாங்க?"

"பக்கத்து வேன்காரன் சுடுதண்ணி குடுத்திருப்பான்" என்றான் நாச்சிமுத்து.

"அந்தப் பக்கத்து வேன்காரனுக்கு?"

"அவனுக்கு அடுத்த வேன்காரன்."

"இப்படியே போனா கடசி வேன் எங்கீங்க நிக்கும்?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

நாச்சிமுத்து கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். "ஊட்டில போயி நிக்கும் மயிலு. அங்கிருக்கற குளுருக்குத் தண்ணி இங்க வர்றதுக்குள்ள ஆறிப்போயிரும்."

வீட்டில் அடுப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதன்மேல் ஒரு பெரிய குண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டும் இருந்தது. ஆனால் அது திருமூர்த்தி குளிப்பதற்கு வைத்தது. அதை எடுத்துவிட்டால் பையன் எதில் குளிப்பான்?

கடைசியில் தெருமுனை பேக்கரிக்குப் போய் டீ மாஸ்டரிடம் ஒரு டம்ளர் சுடுதண்ணீர் வாங்கினார்கள். ஒரு சொட்டு வெளியே வரக் கூடாதல்லவா? மயிலாத்தாள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடந்தாள். நாச்சிமுத்து முன்னால் போய்க் கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டான். வேனுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு சொட்டும் சிந்தவில்லை. தண்ணீர் மட்டும் ஆறிப்போயிருந்தது. அதைச் சூடு பண்ணுவதற்காக அதே நடையில் திரும்பப் பேக்கரிக்குக் கொண்டுபோனார்கள். இப்படி வெயில் சாயும்வரைக்கும் அந்த டம்ளர் அங்கும் இங்கும் ஊர்வலம் போனது.

"தண்ணிய வேனுக்குக் கொண்டுட்டுப் போறதுக்கு, வேனத் தண்ணிக்குக் கொண்டுட்டு வந்தா என்ன?" என்றான் திருமூர்த்தி. காதல் வந்தால் மூளை வேலை செய்யும் என்பது பொய் இல்லை.

வேனைப் பேக்கரி வாசலில் நிறுத்தினார்கள். "இங்க நிறுத்தாதீங்க, எடைஞ்சல் இல்லாத எடமாப் பாத்து நிறுத்திட்டு வாங்க" என்றார் பேக்கரிக்காரர். மூவரும் தெருத்தெருவாக இடம் தேடினார்கள். வேப்பமர நிழல், நல்ல அகலம், யாருக்கும் தொந்தரவு இல்லை. அப்படியொரு அருமையான இடம் கடைசியில் கிடைத்தது. நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் எதிரே அவர்கள் வீடு.

டீ மாஸ்டருக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. கெட்டிலோடு அவரே நடந்து வந்தார். ஓஸ் முனைகளை முக்கினார், தள்ளினார், கிளாம்பை முறுக்கினார், கெட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பம்பைப் போட்டார்கள். ஹீட்டர் பற்றிக்கொண்டது. மயிலாத்தாள் ஒவ்வொரு கிளாம்பின் கீழும் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. மூவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். அப்போதுதான் வேனுக்குப் பின்னால் இருந்து திருமூர்த்தி அலறினான்.

"மச்சா! பிரஷ்ஷுப் பக்கம் ஊத்தோ ஊத்துனு ஊத்துது!"

உண்மைதான். ஓஸின் கடைசி முனையில் இருந்து ஆவி பறக்கச் சுடுதண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து சகாயத்துக்குப் போன் போட்டான்.

"அண்ணா, எல்லாப் பக்கமும் காஞ்சு கெடக்குதுங்க. ஒரே ஒரு எடத்துல மட்டும் நிக்காம ஊத்துது."

"எந்த எடத்துல?"

"கடேசி முனைலீங்க."

பாலக்காட்டில் ஒரே இரைச்சல். "அங்க ஒரு கிளாம்பப் போட்டு நல்லா முறுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

கிளாம்பு போட்டு முறுக்கினார்கள். அப்போதும் கசிந்தது. மயிலாத்தாள் பிரஷ்ஷைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓஸ் முனையை வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்து, அதன்மேல் கிளாம்பைப் போட்டு இறுக்கினாள். தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரத்தில் பம்பும் தானாக நின்றது.

"வேல முடிஞ்சுதுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்குது பாத்தீங்களா?" என்றான் திருமூர்த்தி. அன்றைக்கு அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறுச்சாமி கடை வாசலில் நாற்காலி போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் காப்பி டம்ளர். வேன் வந்து நின்றது. நாச்சிமுத்து ஓஸை இழுத்துக் கடைப் படியோரம் வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டு, பம்பைப் போட்டான். பம்பு உர்ரென்றது. பிறகு நின்றது. எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். கண்ணாடி எல்லோரையும் பார்த்தது.

"எங்கப்பா தண்ணி?" என்றார் ஆறுச்சாமி.

"உள்ளதானுங்க இருக்குது" என்றான் நாச்சிமுத்து. "ஓஸத் தொட்டுப் பாருங்க."

ஆறுச்சாமி தொட்டார். கையை உதறினார். "சுடுது."

"சுடுதுங்களா? ஒரு சொட்டு ஒழுகுதுங்களா?"

"ஒழுகல."

"அதானுங்க எங்க வேல."

உறவுக்காரர்களில் ஒரு பெரியவர், வேலை சுத்தம் என்று தலையாட்டினார். ஆறுச்சாமி அப்படி ஆட்டவில்லை. "சரி, கண்ணாடி எப்படிக் கழுவுவீங்க?"

இதை அவர்கள் யோசித்திருக்கவில்லை. மூவரும் வேனுக்குப் பின்னால் போய்க் கூடிப் பேசினார்கள். சூடான ஓஸைக் கண்ணாடிமேல் வைத்துத் தேய்த்து இஸ்திரி போடலாம் என்றாள் மயிலாத்தாள். கண்ணாடியைக் கழற்றி டாங்குக்குள் முக்கி எடுக்கலாம் என்றான் நாச்சிமுத்து. திருமூர்த்தி தலைமுடியைத் தடவிக்கொண்டு நின்றான். பழனிக்கு எந்த பஸ் என்று யோசிக்கிற முகம் அவனுக்கு. எனக்கே பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து சுகந்தி கடைக்குள் இருந்து படியிறங்கி வந்தாள். ஓஸ் அருகே குத்தவைத்து உட்கார்ந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கல்லாச் சாவியை விட்டுக் கிளாம்பைத் திருகிக் கழற்றினாள்.

நின்றுபோன பம்பு மறுபடி உர்ரென்றது, ஓஸ் துள்ளி எழுந்தது. சுடுதண்ணீர் சீறியது. உறவுக்காரர்கள் காப்பியோடு எழுந்து ஓடினார்கள்.

"அய்யோ, ஒழுகுது!" என்று மூவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

திருமூர்த்தி பாய்ந்து ஓஸைப் பிடித்தான். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் கை பொறுக்கிற சூடுதான். கட்டைவிரலால் முனையை அடைத்தான். அடைத்தால் அடங்குகிற தண்ணீரா அது? விரலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விசிறி மாதிரி விரிந்து மேல்மாடிக் கண்ணாடியில் போய் அடித்தது. "மன்னிச்சுக்கங்க மாமா!" என்று கத்திக்கொண்டே விரலை நகர்த்தினான். இடது பக்கம் அடித்தது. "இந்தா நிறுத்தறனுங்க!" வலது பக்கம் அடித்தது. அவன் அடைக்க அடைக்க, எண்ணெயும் புழுதியும் புறா உபகாரமும் கண்ணாடியில் இருந்து வழிந்து ஓடின. டாங்க் காலியாகும்வரைக்கும் அந்தப் பிள்ளை ஒழுகலோடு மல்லுக்கட்டினான். கடைசிச் சொட்டு விழுந்ததும் படியில் உட்கார்ந்து விசும்பினான்.

"எல்லாம் ஒழுகிப்போச்சுங் மாமா. நான் பொண்ணுக் கேக்க மாட்டேன்."

ஆறுச்சாமிக்கு அவன் சொன்னது காதில் விழவில்லை. அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அண்டா, குத்துவிளக்கு, இட்லிப் பானை எல்லாம் ஜொலித்தன. அப்படி ஒரு கடை தனக்கு இருப்பதை அவரே இப்போதுதான் பார்க்கிறார்.

"சம்பந்தம் பேசீரலாம்" என்றார்.

நாச்சிமுத்து விறைப்பாக நின்றான். "நாங்க யோசிக்கோணுமுங்க. நல்லா அடைச்சு வெச்சிருந்தத, பக்கத்துல உக்காந்திருந்த உங்க பொண்ணு தொறந்து உட்டுருச்சு. கிளாம்பு எங்கீங்க?"

அப்போதுதான் எல்லோரும் சுகந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெட்கத்தோடு கையை நீட்டினாள். கிளாம்பு மோதிர விரலில் இருந்தது.

"மோதரம் கொண்டாந்துட்டு, நேருல குடுக்கக் கூச்சப்பட்டு ஓஸ்ல மாட்டி வெச்சிருக்காருன்னு நெனச்சனுங்கப்பா" என்றாள். "நழுவாம இருக்கட்டும்னு நல்லா முறுக்கி உட்டுட்டேன்."

உறவுக்காரர்கள் சுற்றிக் கூடினார்கள். ஒரு அத்தை விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "தங்கம் மாதிரி தெரியலியே?"

"எவர்சில்வருங்" என்றாள் மயிலாத்தாள்.

"பாத்திரக்கடைக்காரர் பொண்ணுக்கு அதான் பொருத்தம்" என்றாள் அத்தை. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஆனால் கிளாம்பு கழலவில்லை. சாவியை விட்டுத் திருகினார்கள், திருகாணியின் தலை மழுங்கிப்போயிருந்தது. நாச்சிமுத்து மறுபடி சகாயத்துக்குப் போன் போட்டான்.

"அண்ணா, கிளாம்பு பொண்ணு விரல்ல மாட்டிருச்சுங்க. கழட்ட வரல."

சகாயம் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். "ஒழுகுதா?"

நாச்சிமுத்து சுகந்தியின் விரலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இல்லீங்க."

"அப்பறம் என்ன? உட்டுருங்க."

பெரியவர்கள் அங்கேயே நிச்சயம் பண்ணிவிட்டார்கள். பெண்ணுக்குப் போட்டாயிற்று, மாப்பிள்ளைக்கும் போட்டால்தானே முறை? ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரே இருந்த ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

"ஒரு கிளாம்பு குடுங்க. மாப்பிள்ளைக்கு."

"சுடுதண்ணிக்குங்களா, பச்சத் தண்ணிக்குங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

ஆறுச்சாமி இதை எதிர்பார்க்கவில்லை. ரோட்டைத் தாண்டி வந்து மயிலாத்தாளிடம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"சுடுதண்ணிக்கே குடுங்க" என்றார். "பையன் பச்சத் தண்ணில குளிக்க மாட்டானாமா."