குளத்தில் கரைத்த வெல்லம்

"இந்தக் குளத்துல ஒண்ணும் கரையலம்மா," என்றார் குஞ்சிதபாதம்.

கோயில் குளத்தின் கீழ்ப்படியில் ஈர வேட்டியோடு நின்றிருந்தார். கையில் ஓர் அச்சு வெல்லம்.

மேல்படியில் உட்கார்ந்திருந்தாள் நீலாயதாட்சி. துறவு பூண்டு அந்தக் குளத்து மண்டபத்தோடு தங்கிவிட்டவள். வயதில் அவருக்கு மகளாக இருக்கலாம். ஆனாலும் அவளைத்தான் அவர் குருவாக வரித்திருந்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். உடம்பில் கட்டியோ மருவோ வந்தால் வெல்லம் வாங்கிக் குளத்தில் போடுவார்கள். வெல்லம் கரைவதுபோல் அதுவும் கரைந்துபோகும் என்று நம்பிக்கை.

"உங்களுக்கு எங்க கட்டி?"

குஞ்சிதபாதம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அப்பாவுக்கு மூத்த பிள்ளை நான்தானே கொள்ளி வைக்கணும்? நான் வந்து சேர்றதுக்குள்ள தம்பி சபேசன் வச்சிட்டான். நான் பார்த்தது சாம்பலைத்தான். அன்னிலேர்ந்து அவனோட பேச்சு இல்ல."

"இப்ப?"

"படுத்த படுக்கையா கிடக்கான். இன்னிக்கோ நாளைக்கோங்கிறாங்க. அண்ணன் வந்தாச்சா, அண்ணன் வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கானாம்."

சொல்லிக்கொண்டே தம்பி வீடு இருக்கும் திசையைப் பார்த்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது அதற்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"இதை மனசுல வச்சிக்கிட்டு அவன் முகத்துல எப்படி முழிப்பேன்? முதல்ல இது கரையட்டும், அப்புறம் போகலாம்னுதான் செவ்வாய்க்கிழமை தவறாம வந்து போடறேன். வெல்லம் கரையுது. இது கரையமாட்டேங்குது."

நீலாயதாட்சி இறங்கி வந்தாள். குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளி அவருடைய உள்ளங்கையில் வார்த்தாள்.

"குடிங்க."

குடித்தார்.

"இனிக்குதா?"

"இல்லம்மா."

"ஊர்ப்பட்ட வெல்லம் போட்டிருக்காங்க."

எதற்கும் இன்றைக்குக் கொண்டுவந்ததைப் போட்டுவிடுவோம் என்று கையை ஓங்கினார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பிக்கு ஏதாவது உள்ள இறங்குதா?"

"தண்ணிதான். ஸ்பூனால சொட்டுச் சொட்டா விடறாங்களாம்."

அவள் பிடியை விட்டாள்.

"அந்தத் தண்ணியில கரைங்க, ஐயா."