இன்ஜின் இல்லாத உப்பளம்

வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி நீங்கள் ஒரு விளையாட்டைச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட வந்தவர்கள், அதை மாற்று, இதைச் சேர் என்கிறார்கள். மாற்றினால் அது உங்கள் விளையாட்டாக இருக்காது. மாற்றாவிட்டால் ஆட ஆள் இருக்காது. நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள்?

மாசிலாமணி யார் பக்கமும் நிற்கவில்லை. விளையாட்டையே அழித்துவிடுவது என்று முடிவு கட்டினார். மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு, திருத்துறைப்பூண்டியில் மங்கையர்க்கரசி குடியிருந்த மாடிவீட்டுப் படிகளைக் கைத்தடியால் தட்டித் தட்டி ஏறினார்.

மாசிலாமணிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்த்தவர். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் வெளிச்சம்கூடத் தெரியாமல் போனது.

மங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. முப்பது வயது, கையில் ஒரு பெண் குழந்தை. கண் தெரியாதவர்கள் ஆடுகிற விளையாட்டுகளைச் செய்கிறவள். அதில் படம் என்று ஒன்றும் இருக்காது, எல்லாம் சத்தம்தான். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் கேட்டு, விசைகளை அழுத்தி ஆட வேண்டும். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர்தான் மாசிலாமணி. வயதைப் பார்த்தால் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள்.

"வாங்கண்ணே. படியேறுறப்பவே கோவம் தெரியுது. தடி என்ன பாவம் பண்ணுச்சு?"

"அழிச்சிடப் போறேன், டீச்சர். உங்ககிட்டதான் பழகினேன். ஒரு வார்த்தை சொல்லிட்டு அழிக்கணும்னு வந்தேன்."

"டீ குடிச்சிட்டு அழிக்கிறீங்களா, அழிச்சிட்டுக் குடிக்கிறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. மங்கையும் அதற்குமேல் கேலி பேசவில்லை. நாற்காலியை அவர் கைக்கு எட்டும்படி இழுத்துப் போட்டாள்.

அவர் செய்திருந்த விளையாட்டின் பெயர் அளம். பொழுது விடிவதற்கு முன்னால், மூடுபனியில், ஒரு ஆள் வரப்பில் நடக்கிறான். இடது பக்கம் உப்புத்தண்ணீர் தேக்கம், அதில் அலை கரையைத் தட்டும். வலது பக்கம் பாத்தி, அதில் பலகையால் உப்பை வாருகிற சத்தம். அலை இடது காதிலேயே இருக்க வேண்டும், பலகை வலது காதிலேயே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் போனால் வரப்பு. கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர். யாரும் வழி சொல்ல மாட்டார்கள். அந்தத் தனிமைதான் மாசிலாமணியின் விளையாட்டு. ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சத்தங்களையெல்லாம் அவரே உப்பளத்தில் நின்று பதிந்து வந்திருந்தார்.

ஆடிப் பார்க்கச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் கொடுத்தார். பதில்கள் குரல் பதிவுகளாக வந்து குவிந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மங்கைக்குப் போட்டுக் காட்டினார்.

"சார், தண்ணிப் பக்கம் போறப்ப ஒரு மணி அடிக்கிற மாதிரி வைங்க சார். விழுந்து விழுந்து வெறுத்துப்போச்சு."

பாதிப் பேர் கேட்டது அந்த மணியைத்தான்.

"அண்ணா, நடுவுல ஒரு பாட்டுப் போடுங்கண்ணா. தூக்கம் வருது."

அப்புறம் ஒரு பெண்ணின் குரல். பின்னால் தண்ணீர்க்குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, பட்டுக்கோட்டையிலேருந்து ஜெயக்கொடி பேசுறேங்க. உங்க அளம் நல்லாருக்குங்க. ஆனா என்னால ரெண்டு காதையும் அடைச்சிக்க முடியாதுங்க. ஒத்தைக் காதுல மாட்டினா ஒரு பக்கந்தான் கேக்குது. மத்தப் பக்கம் வரப்பு எங்க முடியுதுன்னு தெரியாம விழுந்துக்கிட்டே இருக்கேன். ஒத்தைக் காதுக்காரங்களுக்கும் ஒரு வழி பண்ணுங்கய்யா."

மாசிலாமணி பதிவை நிறுத்தினார்.

"கேட்டீங்களா? அந்த விளையாட்டே ரெண்டு காதுதான், டீச்சர். ஒரு கால்ல மட்டும் செருப்பைப் போட்டுக்கிட்டு, கல்லு குத்துதுங்குது இந்தப் பொண்ணு."

"என்ன பதில் சொன்னீங்க?"

"'ஒழுங்கா உக்காந்து ஆடும்மா, இது பொழுதுபோக்கு இல்ல'ன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"குழுவை விட்டே போயிடுச்சு. அது பின்னாடியே இன்னும் நாலஞ்சு பேர் போயிட்டாங்க." அவர் குரல் இறங்கியது. "கண்ணு போனதுக்கப்புறம் நான் செஞ்ச ஒரே காரியம் இது. நம்ம ஆளுங்களுக்காகத்தான் செஞ்சேன். அவங்களுக்கே வேணாம்னா நான் யாருக்காக வச்சிருக்கேன்? மாத்தவும் மனசு வரல. மாத்தினா அது என் அளம் இல்ல. எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாதுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? அதைச் சொல்லுங்க, இல்ல என்னை அழிக்க விடுங்க."

உள்ளே தூளி ஆடுகிற சத்தம் கேட்டது. குழந்தை குழலி தூங்கி எழுந்துவிட்டாள். இறங்கியதும் அவள் கால் கொலுசு கலகலவென்று கூடத்துக்கு ஓடிவந்தது. அந்த வீட்டில் கொலுசு எங்கே கேட்கிறதோ அங்கேதான் குழந்தை.

"அண்ணே, ஒரு உதவி. நான் பால் காய்ச்சணும். அதுவரைக்கும் இவளைப் பாத்துக்குங்க. படிவாசல் கதவுல கொண்டி சரியா விழாது, அந்தப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க."

"சரி, டீச்சர்."

"சும்மா உக்காந்திருக்க வேணாம். உங்க அளத்துல ஒரு தடவை நடந்துடுங்க. அழிக்கத்தானே போறீங்க, கடைசி நடையா இருக்கட்டும்."

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. கணினியைத் திறந்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, வரப்பில் ஏறினார்.

பனி. இடது பக்கம் அலை. வலது பக்கம் பலகை. காலடியில் ஈரமண் சொதசொதவென்று அமுங்கியது. அவர் செய்த வரப்பு, அவருக்கா தெரியாது? விறுவிறுவென்று நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு உறுத்தல். குழந்தை?

வலது காதில் இருந்ததைத் தூக்கினார். கொலுசு மேஜைக்கடியில் கேட்டது. சரி. மறுபடி மாட்டினார். அலை, பலகை, ஈரமண். கதவில் கொண்டி விழாது என்றாளே. மறுபடி தூக்கினார். கொலுசு ஜன்னல் பக்கம் போயிருந்தது. மாட்டினார். தூக்கினார். அப்புறம் அதை மாட்டவே இல்லை. அது கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் நடந்துகொண்டிருந்தார்.

அலை மட்டும் கேட்டது. பலகை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அலையை விட்டு விலகினால் போதும் என்று வலது பக்கமாக ஒதுங்கினார். ஒதுங்கினார். பாத்தித் தண்ணீரில் தொபுக்கென்று விழுந்தார்.

அதே நேரத்தில் வீட்டில் கொலுசு நின்றுபோயிருந்தது.

"குழலி?"

சத்தமே இல்லை.

"குழலிக் கண்ணு! எங்கடா இருக்க? டீச்சர்! டீச்சர், புள்ளையைக் காணோம்!"

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கைகளை நீட்டிக்கொண்டு படிவாசலை நோக்கிப் பாய்ந்தார்.

"இங்கதான் இருக்கா அண்ணே. என் மடியில." மங்கையின் குரல் படிவாசலிலிருந்தே வந்தது. கதவை முதுகால் அடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மாசிலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"பால் காய்ச்சறேன்னு சொன்னீங்க?"

"அது காலையிலயே காய்ச்சியாச்சு." குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். "எதுவரைக்கும் போனீங்க?"

"விழுந்துட்டேன்."

"நீங்க போட்ட வரப்புல நீங்களேவா?"

"ஒரு காதுல இருந்து கழட்டிட்டேன், டீச்சர்."

"யார் கழட்டச் சொன்னா?"

அவர் சாய்ந்த நாற்காலியைத் தேடிக் கையை நீட்டினார்.

"ஒழுங்கா உக்காந்து ஆட வேண்டியதுதானே? இது பொழுதுபோக்கு இல்லையே."

தன் வார்த்தையே திரும்பி வந்து கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. தடவிப் பார்த்து நாற்காலியை நிமிர்த்தினார். உட்கார்ந்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் சொன்னார்.

"இது வேற, டீச்சர். புள்ளையைப் பாத்துக்கச் சொன்னீங்க, காது அங்க போச்சு. அளத்துல நடக்குறவனுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவன் முழுசா நடப்பான். அந்த நடையைத்தான் நான் குடுக்க நெனச்சேன்."

"நீங்க அங்க நடந்திருக்கீங்களா?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? காலமெல்லாம் நடந்திருக்கேன்."

"முழுசா?"

"முழுசாத்தான்."

"அங்க என்ன வேலை பாத்தீங்க?"

"இன்ஜின்காரன். கெணத்து உப்புத்தண்ணியை இறைச்சுத் தேக்கத்துக்கு விடணும். இன்ஜினை ஓட்டிவிட்டுட்டு, தண்ணி எங்க வரைக்கும் ஏறுதுன்னு வரப்புல நடந்து பாப்பேன்."

"இன்ஜின் எங்க இருக்கும்?"

"பின்னால, கொட்டகையில."

"நீங்க முன்னால நடக்குறப்போ?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"ஒரு காது அதுமேலதான் இருக்கும்," என்றார் மெதுவாக. "கெணத்துல தண்ணி எறங்கிட்டா பம்பு காத்தை இழுக்கும். சத்தம் மாறும். உடனே ஓடிப்போய் நிறுத்தணும். இல்லேன்னா பம்பு காஞ்சிடும், அன்னைக்கு வேலை போச்சு, பாத்திப் பொம்பளைங்க கூலியும் போச்சு. பனியா இருந்தாலும், மழையா இருந்தாலும், ஒரு காது அங்கதான்."

"உங்க விளையாட்டுல நான் அந்த இன்ஜினைக் கேக்கவே இல்லையே, அண்ணே."

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"பதிஞ்சு வந்ததுல இருந்துச்சு. அந்தத் தடதடப்பு அலையோட அழகைக் கெடுத்துச்சு. ஒரு வாரம் உக்காந்து, துளிகூட இல்லாம தொடைச்சு எடுத்தேன்."

குழந்தை தன் கால் கொலுசைத் தானே பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. மங்கை அதன் கையை விலக்கவில்லை.

"அப்ப கேக்குறதையெல்லாம் குடுத்துடவேண்டியதுதானா, டீச்சர்?" அவர் கேட்டது கோபத்தில் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். "ஜெயக்கொடி ஒத்த ஆளு. மணி கேக்குறது பாதிப் பேரு."

"அளத்துல மணி இருந்துச்சா?"

"அங்க எவன் மணி கட்டுவான்?"

"நீங்க விழுந்ததே இல்லையா?"

"ஏன் விழாம? கால்ல புண்ணு இருக்குறப்ப அந்தத் தண்ணியில விழுந்து பாக்கணும். உயிரே போயிடும்."

"அப்ப அவங்களும் விழட்டும்."

"பாட்டு கேட்டாரே, அவரு?"

"அவர் வீட்டுல ரேடியோ இருக்கும்."

முதல் தடவையாக அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதுவும் உடனே அடங்கிவிட்டது. கணினியை மடியில் வைத்துக்கொண்டு, மூடியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அழிக்கிற விசை எங்கே இருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியும். விரல் அங்கே போகவில்லை.

"இன்ஜினைத் திரும்ப வச்சிடலாம். அது எனக்குத் தெரியும். ஆனா, ஒத்தைக் காதுல அலையையும் பலகையையும் எப்படி வைக்கிறது? ரெண்டும் ஒரே பக்கம் வந்தா எது கிட்ட, எது தூரம்? எதைப் பெருசாக்குறது, எதை மாத்துறது? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, டீச்சர்."

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"நான் அளத்துல நடந்ததில்ல. அந்தப் பொண்ணு வீட்டுலயும் இருந்ததில்ல."

"அப்ப யார்தான் சொல்லுவாங்க?"

மங்கை எழுந்து வந்து, மேஜைமேல் தடவி அவருடைய கைபேசியை எடுத்தாள். அதை அவர் கையில் வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள். அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.

ஜெயக்கொடியின் எண் குழுவில் இல்லை, ஆனால் அவள் அனுப்பிய பதிவில் இருந்தது. தேடி எடுத்தார். பதிவு விசையை அழுத்தினார். தொண்டையைச் செருமினார். விட்டுவிட்டார். மறுபடி அழுத்தினார்.

"அம்மா ஜெயக்கொடி, அளம் மாசிலாமணி பேசுறேன். அன்னைக்கு உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அளத்தை இன்னும் அழிக்கல. வழியும் இன்னும் தெரியல. நீ ஆடுறப்போ, மாட்டாம வச்சிருக்கியே அந்தக் காது, அதுல உனக்கு என்னென்ன கேக்குதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லும்மா."