ரெகுலேட்டருக்கு அடியில் பச்சை

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் மாட்டியிருந்த மீட்டரின் முள் பன்னிரண்டிலேயே நின்றது. ஒச்சப்பன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். இன்னும் முறுக்கினார். புகைதான் வந்தது. சார்ஜ் ஏறினால் அந்த முள் பதினாலுக்குப் போக வேண்டும். போகவில்லை.

"காதைத் திருகினா பேசிருமாண்ணே?" என்றார் சகாயம்.

சகாயம்தான் மேஸ்திரி. வயது முப்பது. சிஷ்யன் ஒச்சப்பனுக்கு ஐம்பதை நெருங்குகிறது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயின்ட் அடித்தே பாதி வாழ்க்கையை ஓட்டியவர். என்ஜின் வேலையும் படிக்கலாம் என்று தன்னைவிடச் சின்னவரிடம் வந்து சேர்ந்தார். அதில் அவருக்கு வெட்கமெல்லாம் கிடையாது. பெயின்ட்டைக் குறை சொன்னால்தான் முகம் மாறும்.

இந்தப் பழைய ஸ்கூட்டர் அவர் தனியாக முடித்த முதல் வண்டி. துருப்பிடித்து வந்ததை நட்டு நட்டாகக் கழற்றி, தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்து, திரும்பப் பூட்டினார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வண்டி, மாட்டு டாக்டர் பரிமளாவுடையது. சாயங்காலமானால் மலைமேல் தோட்டங்களுக்கு அதில்தான் போவார். போன வாரம் கொண்டை ஊசி வளைவில் பேட்டரி இறங்கி ஹெட்லைட் செத்துப்போனது. ஒரு பக்கம் பள்ளம். இருட்டில் வண்டியை உருட்டிக்கொண்டே கீழே வந்தார். வந்து யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இன்று அஞ்சு மணிக்கு வண்டி வேண்டும், மேலே ஒரு சினைப்பசுவைப் பார்க்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒச்சப்பன் பேட்டரியை மாற்றினார். கரண்ட் தயாரிக்கிற காயிலை மாற்றினார். சார்ஜைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்புகிற ரெகுலேட்டரையும் புதிதாகப் போட்டார். முள் அசையவில்லை.

"எல்லாத்தையும் மாத்திட்டேன் மேஸ்திரி. இன்னும் எதைத்தான் மாத்தணும்?"

சகாயம் ஒரு துண்டு வயரை எடுத்தார். ஒரு முனையை ரெகுலேட்டரின் உடம்பில் வைத்தார். மறுமுனையை பேட்டரியின் மைனஸில் வைத்தார். முள் எழுந்து பதினாலில் நின்றது. வயரை எடுத்தார். முள் படுத்துவிட்டது. மறுபடி வைத்தார். எழுந்தது.

பிறகு என்ஜினை அணைத்துவிட்டு ரெகுலேட்டரைக் கழற்றினார். அது உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார். பச்சை. போல்ட் ஓட்டைக்குள்ளும் பச்சை. ரெகுலேட்டர் வண்டியின் இரும்பைத் தொட்டால்தான் எர்த் கிடைக்கும். எர்த் கிடைத்தால்தான் சார்ஜ் ஏறும். அங்கே தொடுவதற்கு இரும்பே இல்லை. அவ்வளவு நல்ல பெயின்ட்.

"ஒரு ரூபா அகலத்துக்குச் சுரண்டுங்கண்ணே" என்று உப்புத்தாளை மடித்து நீட்டினார் சகாயம்.

ஒச்சப்பன் வாங்கிக்கொண்டார். வயர் வைத்ததும் ஏறியதே, அந்த வயரையே கட்டிவிட்டால் என்ன என்று கேட்டார். ஹாரனுக்கு நீங்கள் கட்டின வயர் என்ன ஆச்சு என்று சகாயம் திருப்பிக் கேட்டார். மலை ரோட்டுக் குலுக்கலில் அது கழன்று தொங்கியது இரண்டு பேருக்கும் தெரியும்.

சுரண்டினால் துருப்பிடிக்கும் என்றார் ஒச்சப்பன். சுற்றிலும் கிரீஸ் தடவினால் பிடிக்காது என்றார் சகாயம். சுரண்டும்போது கை வழுக்கி பக்கத்தில் கீறல் விழுந்துவிடும் என்றார் ஒச்சப்பன். விழட்டும் என்றார் சகாயம். அதற்குப் பிறகு ஒச்சப்பனிடம் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை. உண்மையைச் சொன்னார்.

"உள்ள இருக்கறது வெளிய தெரியாதுதான். ஆனா எனக்குத் தெரியுமே மேஸ்திரி."

"வளைவுல வச்சு அந்தம்மாவுக்கும் தெரியும்ணே."

சகாயம் டீ குடிக்கக் கிளம்பினார். போகிற போக்கில், அஞ்சு மணிக்குச் சாவியை நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றார்.

ஒச்சப்பன் வண்டி முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். வழவழவென்று இருந்தது. அதில் அவர் முகம்கூடக் கொஞ்சம் தெரிந்தது. சுரண்டுவது ஒரு நிமிஷ வேலை. அதற்குமேல் ஒன்றுமில்லை.

வெயில் இறங்கிவிட்டது. சகாயம் திரும்பி வந்தார். பின்னாலேயே டாக்டரும் வந்தார், தோளில் மருந்துப் பையோடு.

"கிளம்பலாமா சகாயம்? லைட் இன்னைக்கு நிக்குமா?"

"அண்ணன் பண்ணின வண்டிம்மா. அண்ணனையே கேளுங்க."

டாக்டர் திரும்பி ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பனின் ஒரு கையில் சாவி இருந்தது. இன்னொரு கையில் உப்புத்தாள், சகாயம் கொடுத்த மடிப்புக்கூடக் கலையாமல்.