வெறும் ஆணி

பள்ளிப் பாடத்திட்டம் வகுக்க ஒரு குழு கூடியதாம். தலைவர் ஏகாம்பரநாதன், பெரிய வரலாற்றுப் பேராசிரியர். "நாற்பது போர்களின் தேதியை ஒப்பிக்காத பிள்ளை ஐந்தாம் வகுப்பு தேறக் கூடாது" என்றார்.

"என் வகுப்புல பதினோரு பேரும் தேறாமப் போயிடுவாங்க ஐயா" என்றார் குழுவில் இருந்த மலையடிவாரப் பள்ளி ஆசிரியை பொன்னரசி.

"தேதி தெரியாதவனுக்கு என்னம்மா வரலாறு தெரியும்?"

சரியென்று தலையாட்டிய பொன்னரசி, தேநீர் இடைவேளையில் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு தீர்மானத்தைத் தலைவரிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போடுங்க ஐயா."

கையெழுத்திட்டவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். வெறும் ஆணிதான் இருந்தது. "இன்னிக்கு என்னம்மா தேதி?"

"நாற்பது கேக்கலை ஐயா. இந்த ஒண்ணுதான்."

பேராசிரியர் ஆணியையும் அவருடைய புடைத்த பையையும் பார்த்துக் குலுங்கிச் சிரித்தார். தீர்மானத்தில் 'தேதி' என்பதை அடித்துவிட்டு 'காரணம்' என்று எழுதினார்.

"போர் ஏன் நடந்ததுன்னு சொன்னாப் போதும். இப்பப் பையில இருக்கிற நாள்காட்டியைக் குடும்மா."